வண்ண மீன் தொட்டியில் பூச்சித் தொல்லை: தடுக்கும் முறைகள்

கிணற்று நீர் வசதியும் வீட்டருகே சிறிது நிழலும் உள்ள சிறு விவசாயிகள் பலர், சிமெண்ட் தொட்டிகளில் கப்பி, மோலி, தங்க மீன் ஆகியவற்றை வளர்த்து, சென்னை கொளத்தூர் போன்ற சந்தைகளுக்கு அனுப்பி வருகின்றனர். இத்தொழிலில் கண்ணுக்குத் தெரியாமல் ஏற்படும் இழப்பு, குஞ்சுப் பருவத்தில்தான் அதிகம். நோயினால் மீன் இறந்தால் உடல் மிதக்கும். தாய் மீன்களைப் பிரித்த பிறகும் குஞ்சுகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைந்து, இறந்த குஞ்சு ஒன்றுகூட கண்ணில் படவில்லையென்றால், தொட்டிக்குள் பூச்சி புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பூச்சி என்றதும் வயலுக்கு வாங்கிய மருந்தைத் தேடிச் செல்லக்கூடாது. சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மிகக் குறைந்த அளவிலும் மீன்களைக் கொன்றுவிடும். மருந்து கலந்த வாளியையோ குவளையையோ மீன் தொட்டியில் பயன்படுத்தக்கூடாது. பக்கத்து வயலில் மருந்து தெளிக்கும் நாளில் தொட்டியை மூடி வைத்தல் அவசியம்.

தட்டான் புழு

தட்டான் பூச்சி வால் நுனியால் நீரைத் தொட்டுத் தொட்டுப் பறப்பதை அனைவரும் கண்டிருப்பர். அது முட்டையிடும் செயலாகும். முட்டையிலிருந்து வரும் இளம் பருவம் தொட்டியின் அடியில் சேற்று நிறத்தில் பதுங்கியிருக்கும். மடித்து வைத்திருக்கும் கீழுதட்டை நொடியில் நீட்டிக் குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். சில வாரங்களில் ஒரு தொட்டிக் குஞ்சுகளைப் பெருமளவு அழித்துவிடும்.

கெண்டைக் குஞ்சுக் குளங்களில், மீன் விடுமுன் சோப்பு-எண்ணெய்க் கரைசல் தெளிக்கும் முறை உண்டு. மேலே வந்து காற்றை உறிஞ்சும் நீர்ப்பூச்சிகள் எண்ணெய்ப் படலத்தால் மூச்சடைத்து இறக்கும். தட்டான் புழுவோ நீருக்குள்ளேயே செவுள் மூலம் சுவாசிப்பதால், இம்முறைக்கு அது மடிவதில்லை. ஆகவே, தொட்டியின் மேல் கொசுவலையை இழுத்துக் கட்டுவதே சிறந்தது. ஏற்கெனவே புழு இருந்தால், குஞ்சுகளை வேறு தொட்டிக்கு மாற்றி, நீரை முழுவதும் இறைத்து, அடி வண்டலை அகற்றிக் காயவிட வேண்டும்.

ஹைட்ரா

சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இவ்வுயிர், தொட்டிச் சுவரிலும் செடியிலும் ஒட்டிக்கொண்டு, நூல் போன்ற கைகளை நீட்டியிருக்கும். கைகளிலுள்ள கொட்டும் உறுப்புகளால் புதிதாகப் பொரித்த குஞ்சுகளை மரத்துப் போகச் செய்து விழுங்கும். குளத்தில் பிடித்த டாப்னியா என்ற நீர்த்தெள்ளு தீவனத்துடனும், நீர்ச்செடிகளுடனும் இது உள்ளே வருகிறது. நீருக்குள் சுவரைச் சுரண்டுவது தவறு. வெட்டுப்பட்ட துண்டுகள் தனித்தனி ஹைட்ராவாக வளரக்கூடும். மீன்களை மாற்றி, நீரை வடித்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, நன்கு வெயிலில் காயவிடுவதே வழி.

மீன் பேன்

மீன் பேன் தங்க மீன்களை அதிகம் தாக்கும். தட்டையாக, வட்டமாக, செதிலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். தாக்கப்பட்ட மீன் சுவரில் உடலைத் தேய்க்கும், திடீரெனத் துள்ளும். உடலில் சிவந்த புள்ளிகள் தோன்றும். புண் வழியே பின்னர் நோய்க் கிருமிகளும் நுழையும்.

வளர்ந்த தங்க மீன்களை, லிட்டருக்கு 20 கிராம் வீதம் (10 லிட்டருக்கு 200 கிராம்) சமையல் உப்புக் கரைத்த நீரில் சுமார் 5 நிமிடம் விடலாம். மீன் சாய்ந்து தடுமாறினால் உடனே நல்ல நீருக்கு மாற்ற வேண்டும். குஞ்சுகளுக்கு இம்முறை ஆகாது. உதிராத பேன்களை இடுக்கியால் மெதுவாக எடுத்துவிடலாம்.

இத்துடன் வேலை முடிந்துவிடாது. பெண் பேன் மீனை விட்டு நீங்கிச் சுவரிலும் கல்லிலும் வரிசையாக முட்டையிடும். அவை வெப்பமான நீரில் சுமார் 2 முதல் 3 வாரங்களில் பொரிக்கும். மீனுக்கு மட்டும் சிகிச்சை செய்து அதே தொட்டியில் விட்டால், மீண்டும் பேன் பிடிக்கும். தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, ஒரு வாரம் வெயிலில் உலர்த்த வேண்டும். தொட்டியைக் காலி செய்ய இயலாதவர்கள், பலகைத் துண்டுகளை நீரில் தொங்கவிட்டு, பேன்கள் அவற்றில் முட்டையிட்டபின், வாரம் ஒரு முறை எடுத்துக் காயவைத்து மீண்டும் இடலாம்.

நத்தை

நத்தை பெருகினால், தீவனம் மிஞ்சுகிறது என்று பொருள். முதலில் தீவன அளவைக் குறைக்க வேண்டும். இலேசாக வேகவைத்த முட்டைக்கோஸ் இலையைக் கல்லில் கட்டி இரவில் இறக்கி, காலையில் எடுத்தால், மொய்த்திருக்கும் நத்தைகளை எளிதில் அகற்றலாம்.

வருமுன் காத்தல்

மேற்கூறியவற்றுள் தட்டான் மட்டுமே பறந்து வருவது. மற்றவை பெரும்பாலும் வளர்ப்போர் கையாலேயே உள்ளே வருகின்றன. ஆகவே, புதிதாக வாங்கிய மீன்களையும் செடிகளையும் மூன்று வாரம் தனித்தனித் தொட்டிகளில் வைத்துக் கவனித்த பின்னரே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும். இலையின் அடியில் கூழ் போன்ற நத்தை முட்டை இருந்தால் கிள்ளி எறிய வேண்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வலை வைத்துக்கொள்வது நல்லது. இயலாதபோது, வலையை நன்கு உலர்த்திய பின்பே அடுத்த தொட்டியில் இட வேண்டும்.

ஒரு கொசுவலை, ஒரு தனித்தொட்டி, மூன்று வாரப் பொறுமை. இம்மூன்றையும் கடைப்பிடித்தால் குஞ்சுகளின் இழப்பு பெரிதும் குறைந்து, வண்ண மீன் வளர்ப்பில் விவசாயிகள் நல்ல பலன் அடையலாம்.