குழலும் கூந்தலும்

குழல் என்னும் சொல் உள்துளை உடைய பொருளையும் குறிக்கும். மகளிர் கூந்தலையும் குறிக்கும். கூந்தலை ஐவகையாக முடிக்கும் வழக்கம் இருந்தமையால் அதனை ஐம்பால் என்றனர் பழந்தமிழர். அவ்வைந்தும் எவையெவை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று ஒரு வரிசையும், குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என்று மற்றொரு வரிசையும் வழங்குகின்றன. இரண்டிலும் குழல் இடம்பெறுதல் நோக்கத்தக்கது. சுருட்டி முடித்த கூந்தல் துளையுடைய குழல்போல் நிற்பதால் இப்பெயர் அமைந்தது எனக் கொள்ளலாம்.

இன்று அழகு நிலையங்களில் ரோலர் என வழங்கும் கருவியும் ஒரு குழலே. ஈரக் கூந்தலை அதன்மேல் சுற்றி, உலர்த்தி எடுத்தால், சிறிய ரோலர் சுருளைத் தரும். பெரிய ரோலர் நெளிவை அகற்றி வழவழப்பைத் தரும். பின்னதே இக்கட்டுரையின் பொருள். நம் வீட்டுப் பெண்மக்கள் நிக்காஹ் நாள் நெருங்கியதும் ‘ஸ்மூத்தனிங்’ என்னும் இரசாயன முறையை நாடி ஆயிரக்கணக்கில் செலவிடுகின்றனர். தண்ணீரும் குழலும் பொறுமையும் இருந்தால் அதே தோற்றத்தைச் சில நாள்களுக்குத் தீங்கின்றிப் பெறலாம் என்பதைப் பலர் அறியார்.

தமிழ்த்துறை மலருக்கு இப்பொருள் தகுமோ எனப் பெரியோர் சிலர் ஐயுறக்கூடும். தலைமுடியைப் பேணிக்கொள்ளுமாறு அறிவுறுத்தும் நபிமொழியொன்று அபூதாவூத் தொகுப்பில் உள்ளது என்பதை மட்டும் நினைவூட்டி மேற்செல்வோம்.

முடியின் உள்ளமைப்பு

முடி கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. இங்கிலாந்தில் கம்பளித் தொழிலுக்குப் பெயர்பெற்ற லீட்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்ட்பரி என்னும் அறிஞர் 1930களில் கம்பளி இழையையும் மனித முடியையும் எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தார். ஈரமாக்கி நீட்டிய இழையின் உள்ளமைப்பு மாறிவிடுவதை அவர் கண்டறிந்தார். கெராட்டினின் மூலக்கூற்றுச் சங்கிலியே சுருள் வடிவினது என்னும் விளக்கத்தை லினஸ் பாலிங்கும் உடனாய்வாளரும் 1951-இல் வெளியிட்டனர். நாம் சுருட்டுமுன்னரே முடி தன்னுள் சுருண்டே கிடக்கின்றது என்பது வியப்பன்றோ!

இச்சங்கிலிகளைப் பிணைத்து நிறுத்தும் கட்டுகளுள் இருவகை நமக்கு முதன்மையானவை. ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. மற்றொன்று கந்தகப் பிணைப்பு. தையற்காரர் முதலில் போடும் ஓட்டுத் தையலைப் போன்றது முன்னது. எந்திரத்தில் அழுத்தித் தைத்த தையலைப் போன்றது பின்னது. நீர் பட்டால் ஹைட்ரஜன் பிணைப்புகளுட் பல விடுபடும். நன்கு நனைந்த முடி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை உட்கொண்டு பருத்து, எளிதில் நீளும். உலரும்போது அப்பிணைப்புகள் மீண்டும் உண்டாகும். அவ்வேளையில் முடி எவ்வடிவில் இருக்கிறதோ அவ்வடிவையே நிலைநிறுத்தும். கந்தகப் பிணைப்பையோ நீர் தொடுவதில்லை. ரோலர் முறை தீங்கற்றது என்பதற்கு இதுவே அடிப்படை.

முடியின் மேற்புறம் ஓடு வேய்ந்த கூரையைப் போன்றது. செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்துள்ளன. அவை படிந்திருந்தால் ஒளி சிதறாது திரும்பும். அதனையே மினுமினுப்பு என்கிறோம். அவை நிமிர்ந்தால் முடி ஒன்றோடொன்று சிக்கிச் சொரசொரப்பாகும். ஈர முடியைத் துண்டால் முறுக்கித் தேய்க்கும் நம் வழக்கம் இச்செதில்களுக்குப் பகையாம்.

சுற்றும் முறை

பெரிய ரோலரால் முடியை வழவழப்பாக்கும் முறையை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் கரீபியன் கடலிலுள்ள டொமினிக்கன் குடியரசின் பெண்கள். நியூயார்க்கில் குடியேறிய அந்நாட்டவர் நடத்தும் நிலையங்கள் இதற்கெனவே பெயர்பெற்றவை. அடர்ந்து சுருண்ட முடியைக் கொண்டோரும் அங்கே தண்ணீராலும் காற்றாலும் நீண்டு வழிந்த கூந்தலோடு வெளிவருவர். அவர்கள் கையாளும் வழியே ஈண்டு விளக்கப்படுகிறது.

எண்ணெயைக் குளியலுக்கு முன்னர்த் தேய்க்கவேண்டும், பின்னர் அன்று. தேங்காயெண்ணெய் முடியின் உட்சென்று புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்வதில்லை என்றும் இந்திய ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. நம் பாட்டிமார் ஆய்வின்றியே இதனைச் செய்துவந்தனர். ஆயின் எண்ணெய்ப் பிசுக்கு எஞ்சியிருந்தால் கூந்தல் பாரமேறிச் சரியும். சுற்றிய வடிவு நில்லாது. ஆதலால் நன்கு அலசிக் கண்டிஷனர் இட்டு, அதனையும் அலசி, மெல்லிய துணியால் ஒற்றியெடுத்தல் வேண்டும். பிறகு அகன்ற பல்லுடைய சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். வேரிலிருந்து இழுத்துச் சீவினால் ஈர முடி நீண்டு அறும்.

முள்ளில்லாத, வழவழப்பான பிளாஸ்டிக் ரோலரே ஈரக் கூந்தலுக்கு ஏற்றது. ஒட்டுமுள் ரோலர்கள் ஈர முடியில் சிக்கிப் பிடுங்கும். ஏறத்தாழ உலர்ந்த முடிக்கே அவை உரியன. பிரித்தெடுக்கும் பகுதி ரோலரின் நீளத்தைவிட அகலமாக இருத்தலாகாது. மெல்லியதாகவும் இருத்தல் வேண்டும். தடித்த பகுதியைச் சுற்றினால் வெளிப்புறம் உலர்ந்து உட்புறம் ஈரமாகவே நிற்கும். பகுதியை மேல்நோக்கித் தூக்கி, வேர்முதல் நுனிவரை ஒரே சீராகச் சீவி, சற்றே இழுத்துப் பிடித்து, நுனியிலிருந்து உச்சி நோக்கிச் சுற்றவேண்டும். இங்குதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். நுனி ரோலரின்மேல் தட்டையாகப் படியாமல் மடிந்துவிட்டால், உலர்ந்தபின் தூண்டில்முள்போல் வளைந்து நிற்கும். மறுபடி நனைத்தாலன்றி அது நிமிராது. மெல்லிய தாளொன்றை நுனியில் மடித்துவைத்துச் சுற்றினால் இவ்விடர் நேராது. சுற்றும் வேளையில் முடி உலரத் தொடங்கினால் நீர் தெளித்துக்கொள்ளலாம்.

இறுக்கத்திற்கும் எல்லை உண்டு. தலைத்தோல் வலித்தால் அளவுக்கு மீறி இழுத்திருக்கிறோம் என்று பொருள். இத்தகைய இழுப்பு அடிக்கடி நேர்ந்தால் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் முடி உதிர்ந்து வழுக்கை விழும். ஒற்றைச் சடையை வரிந்து கட்டும் பள்ளிச் சிறுமியருக்கும் இது பொருந்தும்.

இனி உலர்த்தல். தலையைக் கவிந்து வெப்பக்காற்றை வீசும் கருவி நிலையங்களில் இருக்கும். அடர்ந்த கூந்தலாயின் அதன்கீழ் ஒரு மணி நேரத்திற்கு மேலும் அமர நேரும். வீட்டில் மின்விசிறியின் கீழ் அமர்ந்தால் காலம் மிகும், கேடில்லை. அகிற்புகையால் ஈரக் கூந்தலை உலர்த்திய சங்ககால மகளிரும், மகப்பேற்றுக்குப் பின் தலைக்குச் சாம்பிராணி காட்டும் நம் இல்லத்தாரும் இளஞ்சூட்டின் பயனை அறிந்தவர்களே. முற்றும் உலர்ந்த பின்னும் உடனே ரோலரைக் கழற்றலாகாது, சூடு ஆறவேண்டும். பாதி ஈரத்தில் கழற்றினால் எஞ்சிய பிணைப்புகள் தம் பழைய நெளிவிலேயே உண்டாகி அத்தனை உழைப்பும் வீணாகும். அவசரப்பட்டு அவ்வீரத்தின்மேல் சூட்டு இரும்பை வைத்து இழுப்பது அதனினும் கொடிது. முடிக்குள் உள்ள நீர் நொடியில் ஆவியாகிக் குமிழிகளை உண்டாக்கும். அவ்விடத்தில் முடி ஒடியும்.

கடற்கரை ஊர்களில்

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய ஊர்களில் வாழ்வோர், சுற்றிய கூந்தல் மாலைக்குள் கலைந்துவிடுகிறது என்று சலித்துக்கொள்வர். குறை கையில் இல்லை, காற்றில் உள்ளது. நீரால் விடுபடும் பிணைப்பு, காற்றின் ஈரத்தாலும் சிறிது சிறிதாக விடுபடும். இரவில் கூந்தலைத் தலையைச் சுற்றி ஒரே திசையில் தட்டையாகப் படியவைத்து, ஊசியிட்டு, வழுக்கும் பட்டுத்துணியால் மூடி உறங்குதல் டொமினிக்கன் பெண்களின் வழக்கம். நம் மாணவியர் காலையில் குளித்த ஈரத்தோடு முடியை முடிந்து, அதன்மேல் முக்காடிட்டுக் கல்லூரிக்கு வருகின்றனர். முடிச்சின் வளைவிலேயே முடி உலர்ந்து கோணுவதோடு, தலைத்தோலும் நெடுநேரம் ஈரத்திலேயே கிடக்கிறது. இரவிலேயே குளித்து உலர்த்திவிடுதல் நன்று.

நிலையான மாற்றத்தின் விலை

கந்தகப் பிணைப்பையே உடைத்து வடிவை மாற்றும் முயற்சியும் பழையதே. ஜெர்மானியரான கார்ல் நெஸ்லர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் காரக் கலவையையும் சூடேற்றிய உலோகத் தண்டுகளையும் கொண்டு நிலையான சுருளை உண்டாக்கிக் காட்டினார். அவர்தம் மனைவியே முதற் சோதனைக்கு உட்பட்டவர். தொடக்க முயற்சிகளில் அவர் முடி கருகிற்று என்பர்.

இன்றைய நேராக்கும் முறைகளுள் சில காரத்தாலும் தயோகிளைக்கோலேட் என்னும் வேதிப்பொருளாலும் கந்தகப் பிணைப்பை உடைப்பன. வேறு சில, சூட்டில் ஃபார்மால்டிஹைடு வளியை வெளிவிடுவன. அது புற்றுநோய் விளைக்கவல்லது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. அப்பொருள் இல்லை என்று ஒட்டுச்சீட்டில் அச்சிட்ட கலவையிலும் அது இருந்ததை அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை 2011-இல் எச்சரித்தது. அவ்வளியை நாள்தோறும் நுகர்பவர் நிலையத்தில் வேலைசெய்யும் ஏழைப் பெண் என்பதையும் மறத்தலாகாது. 33,497 அமெரிக்கப் பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வொன்று 2022-இல் வெளிவந்தது. நேராக்கும் பொருள்களை ஓராண்டில் நான்கு முறைக்குமேல் பயன்படுத்தியோரிடம் கருப்பைப் புற்றுநோய் இரு மடங்கிற்கும் அதிகமாகக் காணப்பட்டதாக அது கூறுகிறது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வே. காரணத்தை மெய்ப்பித்த ஆய்வன்று. எனினும் ஒரு நாள் விருந்துக்காக இவ்வளவு துணிதல் வேண்டுவதில்லை என்பதே என் கருத்து.

முன்னரே நேராக்கிக்கொண்டோர் கவலையுற வேண்டா. முடி மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்வது. முப்பது சென்டிமீட்டர் வளர இரண்டரை ஆண்டு ஆகும். அதுகாறும் வேர்ப்பக்கம் இயல்பான நெளிவும், கீழ்ப்பக்கம் இரசாயன நேரும் என ஒரே கூந்தல் இரு தன்மையதாய் நிற்கும். இரண்டும் கூடுமிடமே எளிதில் ஒடிவது. அத்தகைய கூந்தலை இளக்கமாகப் பெரிய ரோலரில் சுற்றி உலர்த்தினால் இரு பகுதியும் ஒரே வளைவில் படியும். பழைய நுனியை மாதந்தோறும் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே வரலாம்.