இளம் வயதில் தாயாகும் பெண்கள்: மலைக்கு அந்தப் பக்கம் குறைவு, நம்ம பக்கம் ஜாஸ்தி!

முக்கூடல்—

15 வயது முதல் 19 வயதுக்குள் தாயாகும் பெண்கள் இந்தியா முழுவதும் குறைந்து வருகிறார்கள். தமிழ்நாட்டிலோ கூடியிருக்கிறார்கள்!

மத்திய அரசு 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல சர்வே சொல்லும் கணக்கு இது. இந்த வயதில் பிள்ளை பெற்றவர்களும், வயிற்றில் பிள்ளையோடு இருந்தவர்களும் இந்தியாவில் 100க்கு 6.8 பேர். அதற்கு முந்தைய சர்வேயில் (2015-16) 7.9 பேர். தமிழ்நாட்டில் 5 ஆக இருந்தது 6.3 ஆகிவிட்டது.

பொதிகை மலையைத் தாண்டினால் கேரளா. அங்கே எவ்வளவு தெரியுமா? வெறும் 2.4தான்!

மேற்கு வங்காளத்தில் 16.4. அதைப் பார்த்து நாம் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். பக்கத்து வீட்டைப் பார்த்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

18 முடிந்து முறைப்படி கல்யாணம் ஆனவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. எல்லாரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டாம்.

படிப்பு நின்றால்...

பள்ளிக்கூடம் போகாத பெண்களிடம்தான் இது ஜாஸ்தி. பிளஸ்-2 முடித்தவர்களிடம் ரொம்பக் குறைவு. முக்கூடலோ பீடிக்குப் பேர்போன ஊர். படிப்பை விட்ட பெண்ணின் மடியில் பீடித் தட்டு ஏறும். கையில் நாலு காசு புரண்டதும், "மாப்பிள்ளை பாக்கலியா?" என்று சொந்தக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள்.

18 ஆகாத பெண்ணுக்குத் தாலி கட்டும் வயது வந்த மாப்பிள்ளைக்கும், கல்யாணத்தை நடத்தி வைப்பவருக்கும் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி 2 வருஷம் வரை ஜெயில். 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

போலீஸ் பயம்

18 வயது ஆகாத பெண் கர்ப்பம் என்றால் ஆஸ்பத்திரியில் இருந்து போலீசுக்குத் தகவல் போக வேண்டும். 2012ல் வந்த போக்சோ சட்டம் அப்படி. அயோக்கியனைப் பிடிக்க நல்ல சட்டம்தான். ஆனால் "கேஸாயிருமே" என்று பயந்து, பெண்ணை ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போகாமல் வீட்டில் அடைத்து வைக்கிறவர்கள் உண்டு. கண்ட மாத்திரையைக் கொடுக்கிறவர்களும் உண்டு.

ஆபத்தே அங்கேதான். இந்த வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் தமிழ்நாட்டில் ரத்தச்சோகை. அதோடு பிரசவம் என்றால் ரத்தக்கொதிப்பு, ஜன்னி, எடை குறைந்த பிள்ளை என்று ஒன்று மாற்றி ஒன்று வரும்.

2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழி காட்டியது. கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் அவளது கார்டியனும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குச் சொல்லும்போது டாக்டர் அவள் பெயரைத் தர வேண்டியதில்லை. இது எத்தனை தாய்மாருக்குத் தெரியும்?

சின்னப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தால் 1098க்குப் போன் போடலாம். ராத்திரியிலும் எடுப்பார்கள். காசு கிடையாது.