நூறு எப்படி ஒன்பதைவிடச் சிறியதாகிறது?

45, 9, 100, 82 என்று நான்கு மதிப்பெண்களை ஒரு பட்டியலில் வைத்து, ஜாவாஸ்கிரிப்டிடம் ‘சார்ட்’ என்று சொல்லுங்கள். 100, 45, 82, 9 என்று அடுக்கிக் கொடுக்கும். ஏறுவரிசையாம்! சென்டம் வாங்கிய பிள்ளைக்குக் கடைசி ரேங்க்.

இது பிழையல்ல. வேறு விதி சொல்லாவிட்டால், ‘சார்ட்’ எல்லாவற்றையும் எழுத்துகளாக மாற்றிக்கொண்டு அகராதி பார்ப்பதுபோல் இடமிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடும். 100-இன் முதல் எழுத்து 1, 9-இன் முதல் எழுத்து 9. அங்கேயே தீர்ப்பு முடிந்துவிட்டது.

எண்ணாக அடுக்க வேண்டுமானால் விதியை நாமே எழுதித் தரவேண்டும். இரண்டு மதிப்புகளை ‘சார்ட்’ நம் கையில் கொடுக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துத் திருப்பி அனுப்பினால் போதும். விடை பூச்சியத்துக்குக் கீழே என்றால் முதலாவது முன்னால் நிற்கும், மேலே என்றால் பின்னால் போகும், பூச்சியமே என்றால் இருந்த ஒழுங்கு மாறாது. பலர் கழிக்காமல், ‘முதலாவது பெரியதா?’ என்று மட்டும் கேட்டு ஆம், இல்லை என்று அனுப்புகிறார்கள். ‘இல்லை’ என்பது பூச்சியமாகிவிடும். ‘சிறியது’ என்று சொல்ல வழியே இருக்காது.

படிவத்தில் நிரப்பியதை ஒப்பிடும்போதும் இதே வில்லங்கம்தான். கட்டத்தில் எண்ணைத் தட்டினாலும் நிரலின் கைக்கு வருவது எழுத்துதான். குறைந்த விலை 90, அதிக விலை 1000 என்று ஒருவர் நிரப்பினால், 90-தான் பெரியது என்று நிரல் சாதிக்கும். ‘நம்பர்’ கொண்டு இரண்டையும் எண்ணாக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

சமமா என்று பார்க்க இரட்டைச் சமக்குறி போடுவது ஆபத்து. அது தானாகவே வகையை மாற்றிப் பார்க்கும். எண் 0-உம் வெற்று எழுத்தும் சமம் என்னும். எண் 0-உம் எழுத்து ‘0’-உம் சமம் என்னும். ஆனால் வெற்று எழுத்தும் ‘0’-உம் சமமில்லை என்னும். பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் கேட்டால் பிரம்பெடுப்பார். வகையையும் சேர்த்துப் பார்க்கும் === போதும், அதையே பழகிக்கொள்ளலாம்.

தமிழில் நிரல் எழுதுபவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. மரம், மலை, மழை, மனை என்ற சொற்களை வெறும் ‘சார்ட்’ அடுக்கினால் மனை முதலில் வந்து நிற்கும். யூனிகோடு அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்த இடத்திலேயே இருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். ஒப்பிடும் விதியாக ‘லோக்கேல்கம்பேர்’ கொடுத்து, மொழி தமிழ் என்று குறித்துவிட்டால் மனை மீண்டும் மழைக்குப் பின்னால் போய்விடும்.