பில் போடுவது பாவமல்ல

டெல்லியின் கரோல் பாகிலும் பக்கத்து ராஜேந்திர நகரிலும் குடிமைப்பணித் தேர்வுக்கென்று வந்து, அது கைகூடாமல், பிஜி அறையிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு, வீடியோ எடிட்டிங், டிசைன் என்று பிழைப்பைத் தொடங்கும் தமிழ்ப் பிள்ளைகள் உண்டு. அவர்களில் கிறிஸ்தவப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் வேலையைக் கொடுப்பவர் சபைக்காரராகவோ, ஏதோ ஒரு மிஷன் அலுவலகமாகவோ இருக்கும். "ஊழியத்துக்குத்தானே தம்பி, செஞ்சு கொடுங்க, பாத்துக்கலாம்" என்பார். இவரும் செய்து கொடுப்பார். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் கையில் எழுத்தே இல்லை. எவ்வளவு வேலை, என்ன தொகை, எப்போது தருவார்கள் என்று எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு 'பிரைஸ் த லார்ட்' மட்டும் கிடக்கும்.

பணத்தைக் கேட்டால் விசுவாசக் குறைவு என்று இவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாவோடு கூடாரத் தொழில் செய்துதான் பவுல் சாப்பிட்டார். சவுக்கடி விழப்போகும் நேரத்தில் தம் ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தப்பினார். பெஸ்துவின் முன்னால் இராயரிடம் முறையிடும் உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை. கூலியைப் பிடித்துவைப்பவரைப் பற்றி யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எழுதியிருப்பதை, சம்பளம் தராத முதலாளிக்கு எதிராகப் பிரசங்கிப்பவர்கள் தங்கள் அலுவலகத்து எடிட்டருக்கு மட்டும் பொருத்திப் பார்ப்பதில்லை. காணிக்கையாகச் செய்ய விரும்பினால் செய்யுங்கள், நல்லது. ஆனால் அன்றைக்கே "இது இலவசம்" என்று சொல்லிவிடுங்கள். கூலி வேண்டுமென்றால் அதையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

கூலி வேண்டுமென்பவர் முதலில் செய்ய வேண்டியது உத்யம் பதிவு. மத்திய அரசின் சிறுதொழில் அமைச்சகம் 2020 ஜூலை 1 முதல் நடத்தும் பதிவு இது. ஆதார் எண், பான் எண், ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் ஓடிபி, இவ்வளவுதான் தேவை. கட்டணம் கிடையாது. எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டியதில்லை. ஆயிரம் ரூபாய் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் போலி அல்லது தரகர். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். ஊரில் யாரோ ஒருவரின் பழைய எண் ஆதாரில் இருந்தால், முதலில் ஆதார் மையத்துக்குப் போய் அதை மாற்றுங்கள். படிவத்தில் வணிகம் என்று குறிக்காமல் சேவை என்று குறியுங்கள். வாங்கி விற்பவருக்கு நான் கீழே சொல்லும் பாதுகாப்பு கிடையாது. அலுவலக முகவரியாக நீங்கள் உண்மையில் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தைப் போடுங்கள். பணம் வராவிட்டால் நீங்கள் போடும் வழக்கு எந்த மாநில வசூல் மன்றத்துக்குப் போகும் என்பதை அந்த முகவரிதான் தீர்மானிக்கும். வேலை கொடுத்தவர் நாகாலாந்தில் இருந்தாலும் மன்றம் உங்கள் ஊர் மன்றம்தான்.

இதை முதல் பில்லுக்கு முன்பே செய்யுங்கள். பணம் நிலுவையில் நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தவர்களுக்கு, அதற்கு முந்தைய வேலைக்குச் சட்டத்தின் பலன் இல்லை என்று 2022-ல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-ல் அந்தக் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அதை நம்பி நீங்கள் சோதனை எலியாக வேண்டாம். முதல் பில்லுக்கு முன்பு.

2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்வது இது. ஒப்பந்தத்தில் தேதி இல்லையென்றால் 15 நாளில் பணம் வர வேண்டும். தேதி இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. கம்பெனிக்காரருக்கு இன்னொரு பிடியும் இருக்கிறது: உங்களுக்குத் தாமதமாகக் கொடுக்கும் தொகையை, கொடுத்த ஆண்டில்தான் அவர் வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியும். வேலையை ஒப்படைக்கும்போது மின்னஞ்சலில் ஒப்படையுங்கள். 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், ஒப்படைத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதும். தொலைபேசியில் "கலர் சரியில்லையே" என்று இழுப்பதற்கு மதிப்பில்லை.

பணம் வரவில்லையென்றால் சிறுதொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் உத்யம் எண், பில், வேலை ஆணை, ஒப்படைத்த மின்னஞ்சல் ஆகியவற்றோடு விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தை வசூல் மன்றம் விசாரிக்கும். சட்டம் 90 நாளில் முடிக்கச் சொல்கிறது. கோப்புக்கு அந்தச் சட்டம் தெரியாது. எனவே விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, பதில் வராத ஒவ்வொரு முறையும் எழுத்தில் கேளுங்கள். கவுண்டரில் வாயால் கேட்டதை யாரும் நினைவில் வைப்பதில்லை. தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்தால், எதிர்த்தரப்பு அதை எதிர்க்க 75 சதவீதத் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும்.

"சகோதரர்மேல் வழக்குப் போடலாமா?" என்று கேட்பவர்கள் முதல் கொரிந்தியர் ஆறாம் அதிகாரத்தை எடுத்து நீட்டுவார்கள். ஆனால் மன்றத்தின் முதல் படியே சமரசப் பேச்சுதான். அதற்கு முன்பு மத்தேயு பதினெட்டில் உள்ள வரிசைப்படியே போங்கள்: தனியாகச் சொல்லுங்கள், இரண்டு பேரை வைத்துச் சொல்லுங்கள், பிறகு சபைக் கமிட்டியில் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுத்தில் சொல்லுங்கள்.

வெளிநாட்டு மிஷனுக்கு வேலை செய்பவர்கள் இதைக் கவனியுங்கள். பணம் அனுப்பும்போது அவர்கள் 'டொனேஷன்', 'சப்போர்ட்' என்று எழுதிவிடுகிறார்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-ன் கீழ், செய்த சேவைக்கான வழக்கமான கட்டணம் நன்கொடை ஆகாது. ஊழிய நன்கொடை என்ற பெயரில் வந்தால் அதன் கதையே வேறு. பில் அனுப்புங்கள், வங்கி நோக்கம் கேட்டால் சேவைக் கட்டணம் என்று எழுதுங்கள், வரவுச் சான்றிதழை வாங்கி வையுங்கள். நண்பர்களின் 'ஊழியப் பணத்தை' உங்கள் கணக்கில் வாங்கித் தரவே தராதீர்கள். ஜெப நண்பராக இருந்தாலும் தராதீர்கள்.

வரியிலும் அலட்சியம் இருக்கிறது. தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கிறார்கள். நம் பிள்ளைகள் கணக்குத் தாக்கல் செய்யாமல் அந்தப் பணத்தை அரசுக்கே விட்டுவிடுகிறார்கள். புதிய வரிமுறையில் 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை. கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்தது திரும்ப வரும். பிடித்தவர் உண்மையிலேயே கட்டினாரா என்று 26ஏஎஸ் படிவத்தில் பாருங்கள். சேவை வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. "ஜிஎஸ்டி இல்லாதவருக்குப் பணம் தர முடியாது" என்று சொல்பவர் சாக்குச் சொல்கிறார்.

டேட்டா என்ட்ரி வேலைக்குப் பதிவுக் கட்டணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அது வேலை இல்லை, வலை. அடுத்து "பிழை அதிகம், அபராதம் கட்டு" என்று வக்கீல் நோட்டீஸ் வரும். நீதிமன்றம் யூபிஐ எண் அனுப்பி அபராதம் வசூலிப்பதில்லை. பணம் போயிருந்தால் அன்றே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்; மறுநாள் போதகரைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று இருக்காதீர்கள்.

செக் திரும்பினால் வங்கிக் குறிப்பு கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். "அடுத்த மாசம் தர்றேன் பிரதர்" என்ற பேச்சில் இந்தக் கெடு கரைந்துவிடும். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் தீஸ் ஹசாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச உதவி கிடைக்கும். ஆண்கள் பெரும்பாலும் வருமானச் சான்றோடு போக வேண்டும். போகுமுன் சட்ட உதவி எண்ணான 15100-க்கு அழைத்து, எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.