மின்வண்டியும் எண்ணெய்வண்டியும்: மன்னாரை முன்னிட்டு ஓர் ஆராய்வு

மின்வண்டி சிறந்ததா, பெற்றோல் வண்டி சிறந்ததா, இரண்டும் கலந்த வண்டி சிறந்ததா என்னும் வழக்கு இற்றைநாளில் தோன்றியதெனப் பலர் கருதுவர். அஃது ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழமையுடையது. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்க நகரங்களில் மின்வண்டியும் நீராவிவண்டியும் பெற்றோல் வண்டியும் ஒருங்கே ஓடின. அக்காலத்திலேயே பேர்டினண்ட் போர்ஷே என்பார் கலப்பு வண்டியொன்றை அமைத்தார். பின்னர் எண்ணெய் மலிந்தமையாற் பெற்றோல் வண்டி வென்றது. எனவே, வண்டியின் மேன்மையை அதன் இரை எங்கிருந்து வருகின்றது என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

பெற்றோல் எஞ்சின், தான் எரிக்கும் எண்ணெயின் ஆற்றலில் ஏறத்தாழக் காற்பங்கையே சில்லுக்கு அளிக்கும். எஞ்சியது வெப்பமாய்க் கழியும். மின்மோட்டாரோ தான் பெற்றதில் முக்காற்பங்குக்கு மேல் அளிக்கும். 1997இல் யப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் போன்ற கலப்பு வண்டி, தடை போடும்போது வீணாகும் ஆற்றலை மின்கலத்திற் சேமித்து எண்ணெய்ச் செலவைக் குறைக்கும். எனினும் எண்ணெயின்றி ஓடாது.

இவ்வளவில் மின்வண்டியே வென்றதெனத் தோன்றும். ஆனால் 2022ஆம் ஆண்டு இலங்கை கண்டது வேறு. அந்நியச் செலாவணி இன்மையால் எரிபொருள் நிலையங்களில் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். மீனவர் படகுகள் கரையிற் கிடந்தன. அதே காரணத்தால் மின்நிலையங்களும் எண்ணெயின்றி வாடின. மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு நிகழ்ந்தது. எண்ணெயில் விளையும் மின்சாரத்தை நம்பும் மின்வண்டியும் எண்ணெய்வண்டியே என்பது அப்போது புலனாயிற்று.

ஈண்டு மன்னார் முதன்மை பெறுகின்றது. மேலைக்கரையில் தெற்கே நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி நிலையம் வெளிநாட்டுக் கரியை எரிக்கின்றது. மன்னார்த் தீவின் தென்கரையிலோ, 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலையின் 30 சுழலிகள் நூறு மெகாவாற்றுக்கு மேற்பட்ட திறனுடன் சுழல்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை அவற்றின் விளைவு மிகும். நள்ளிரவின் பின் மின்தேவை குறையும், காற்றோ ஓய்வதில்லை. அவ்வேளையில் மின்கலத்தை நிரப்பினால், வெளிநாட்டு எண்ணெய்க்குச் செல்லும் பணம் நாட்டில் நிற்கும்.

ஆயினும் இந்நன்மைக்கு விலையுண்டு. மன்னார், வலசைப் பறவைகளின் வழியிலுள்ளது. வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. புதிய காற்றாலைகளால் வெள்ளநீர் வழிந்தோடுதலும் மீன்பிடியும் கெடுமென அஞ்சி 2025இல் மன்னார் மக்கள் எதிர்ப்புக் காட்டினர். பிறர் புகையின்றிப் பயணஞ்செய்தற்குத் தம் நிலத்தைக் கொடுப்போர் அவர்களே.

மன்னார்ப் பட்டினத்திலிருந்து தலைமன்னாருக்கோ திருக்கேதீச்சரத்துக்கோ சென்றுவரும் சிறுபயணத்துக்கு மின்வண்டி முற்றும் பொருந்தும். மின்னேற்றும் இடம் அரிதாகிய வன்னி நெடுவழிக்கு, இன்றைய நிலையிற் கலப்பு வண்டி ஏற்றது. பெற்றோல் வண்டிக்கு வாங்கும் விலை குறைவு எனினும் ஓட்டும் செலவு மிகுதி. எவ்வண்டி வெல்லினும், காற்றைத் தரும் கரையோர மக்களின் சம்மதமும் நலனும் பேணப்பட்டாலன்றி அவ்வெற்றி நிலைபெறாது.