வெயில் இல்லாத ஊருக்கு 'பிளாஸ்டிக் சோலார்' உதவுமா? லேசரால் பூசும் புது வித்தை!

பந்தலூரில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் லேசில் விடாது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை மழைப் பட்டியலில் பந்தலூர், தேவாலா பெயர்கள் அடிக்கடி முன்வரிசையில் நிற்கும். நாள் கணக்கில் சூரியன் தலைகாட்டாது.

மழை மட்டும் என்றால் பரவாயில்லை. யானையும் வரும்!

தோட்டங்களை ஒட்டிப் பல இடங்களில் சோலார் மின்வேலி உண்டு. பகலில் தகடு பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும். இரவில் கம்பியைத் தொட்டால் 'சுரீர்' என்று ஒரு கண ஷாக். யானை சாகாது, மிரண்டு திரும்பும். ஆனால் தொடர்ந்து வெயில் இல்லை என்றால் பேட்டரி இளைத்துவிடும். அப்புறம் அது வெறும் கம்பிதான். லயன் வீடுகளில் பிள்ளைகுட்டியோடு படுத்திருப்பவர்கள் கதி என்ன? 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையில் இருந்து வந்து, 'டான்டீ' தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களும் இவர்களில் அடக்கம்.

மயிரிழையை விட மெல்லிசு

கடையில் கிடைப்பது பெரும்பாலும் சிலிக்கான் தகடு. கனமான கண்ணாடிச் சட்டம். இதற்குப் பதிலாக, மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கில் சோலார் செய்யும் ஆராய்ச்சி பல நாடுகளில் நடக்கிறது. அப்படிப்பட்ட பிளாஸ்டிக் 1977-ல் வெளிவந்தது. ஹீகர், மக்டயர்மிட், ஷிரகாவா மூவருக்கும் அதற்காக 2000-ல் நோபல் பரிசு. 1986-ல் 'கோடக்' கம்பெனி விஞ்ஞானி சிங் டாங் செய்த கரிம சோலார், விழுந்த வெளிச்சத்தில் 1 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. இன்று ஆய்வுக்கூடத்தில் 19 சதவீதம் தாண்டிவிட்டது!

இதில் வேலை செய்யும் பூச்சின் கனம் சுமார் 100 நானோமீட்டர். தலைமுடியின் கனத்தில் பல நூறில் ஒரு பங்கு. மடக்கலாம், சுருட்டலாம். மங்கிய வெளிச்சத்திலும் அவ்வளவாகச் சோர்ந்து போகாது என்பதுதான் இதன் விசேஷம்.

பூசுவதில் என்ன சிக்கல்?

வழக்கமாக பிளாஸ்டிக்கைத் திரவத்தில் கரைத்து, தகட்டில் ஊற்றிச் சுழற்றுவார்கள். முதல் பூச்சின் மேல் இரண்டாவது பூச்சை ஊற்றினால், கீழே உள்ளதும் கரைந்துவிடும்!

சரி, லேசரால் தட்டி எழுப்பிப் பூசலாமே? 1987-ல் அமெரிக்காவின் 'பெல்கோர்' ஆய்வுக்கூடத்தில் டி.வேங்கடேசன் குழுவினர் லேசரால் மீக்கடத்திப் பூச்சு போட்டுக் காட்டினார்கள். அவர் நம் நாட்டு ஐ.ஐ.டி.யில் படித்தவர். ஆனால் பிளாஸ்டிக் அந்த அடியைத் தாங்காது. புற ஊதா லேசர் பட்டால் அதன் சங்கிலி அறுந்துவிடும்.

அதற்கும் வழி பிறந்தது. அதன் பெயர் 'மேப்பிள்'. கரைசலைப் பனிக்கட்டியாக உறைய வைக்கிறார்கள். காற்றில்லாத அறையில் அதன் மீது லேசர் அடிக்கிறார்கள். அடியை வாங்குவது பனிக்கட்டி. அது ஆவியாகப் பறக்கும்போது பிளாஸ்டிக்கையும் தூக்கிச் செல்கிறது. ஆவியைப் பம்ப் உறிஞ்சிவிடும். பிளாஸ்டிக் அநேகமாகக் காய்ந்தே தகட்டில் படியும். அதனால் கீழ்ப்பூச்சு கரையாது!

டியூக் பல்கலைக்கழகத்தில் அட்ரியன் ஸ்டிஃப்-ராபர்ட்ஸ் குழு இதற்கு 2.94 மைக்ரான் அகச்சிவப்பு லேசரைப் பயன்படுத்தியது. பல் டாக்டர்களும் தோல் டாக்டர்களும் வைத்திருக்கும் அதே ரகம்தான். தண்ணீர் இதை நன்றாக உறிஞ்சும்.

உடனே வாங்க முடியுமா?

முடியாது. பூசும் வேலை மெதுவாக நடக்கிறது, பூச்சும் கொஞ்சம் சொரசொரப்பு. ஈரமும் காற்றும் புகுந்தால் பிளாஸ்டிக் கெட்டுவிடும். பந்தலூர் மழைக்கு இறுக்கமான உறை வேண்டும். வெளிச்சமே குறைந்தால் எந்தத் தகட்டிலும் கரண்ட் குறையத்தான் செய்யும்.

புதுத் தகடு வரும்போது வரட்டும். இருக்கிற வேலியைக் காப்பாற்றுவது இன்றைய வேலை. தகட்டில் பாசி படியாமல் துடைக்க வேண்டும். கம்பியில் செடி கொடி உரசினால் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும், வெட்டிவிட வேண்டும். பேட்டரியை மழைக்கு முன்பே சோதிக்க வேண்டும். யானை வந்த பிறகு சோதித்துப் பயனில்லை!