வளவு யாருக்குச் சொந்தம்?

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் ஒரு சாயங்காலம் நடந்துவிட்டு வந்தவர்களுக்கு அநேகமாக ஒரே ஆசைதான் வருகிறது. அகலமான நேர் தெருக்கள். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் வீடுகள். பல வாசல்களில் பூட்டு. “ஆளில்லாத வீடுதானே, விசாரித்தால் மலிவாகக் கிடைக்காதா?” என்கிறார்கள். தேநீரை ஆற்றிக்கொண்டே பேசலாம், அவசரமில்லை.

முதலில் ஊரைப் பார்ப்போம். இவை தம் போக்கில் வளர்ந்த ஊர்கள் அல்ல. பர்மா, மலேயா, இலங்கையில் கொண்டுவிற்றுச் சம்பாதித்த பணத்தில், பெரும்பாலும் 1850க்கும் 1940க்கும் இடையே, நகரத்தார்கள் என்னும் செட்டியார் வணிகர்கள் கட்டம் கட்டமாகத் தெரு போட்டுக் கட்டியவை. ஓட்டுக்கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கும். அங்கிருந்து தெருக் கால்வாய்க்கு வந்து ஊருணியில் சேரும். ஒரு வீட்டுக்காரர் வடிகாலை அடைத்தால் தெருவே தவிக்கும். இந்த ஊர்க்கூட்டம் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது.

இதே காலத்தில், 1903இல், இங்கிலாந்தில் லெட்ச்வொர்த் என்ற தோட்ட நகரைத் திட்டமிட்டுக் கட்டத் தொடங்கினார்கள். அங்கே ஊர் நிலம் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. இன்றும் வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற அதன் வழிவந்த அறக்கட்டளையிடம் அனுமதி கேட்க வேண்டும். நம் பக்கத்துக் கதை தலைகீழ். இங்கே ஒரே வீட்டுக்குப் பல சொந்தக்காரர்கள்.

அது எப்படி என்று உள்ளே போய்ப் பார்ப்போம். முகப்பைத் தாண்டினால் வளவு, அதாவது நடுவில் திறந்த முற்றமும் சுற்றிலும் தூண்களும் உள்ள பகுதி. அதற்கப்பால் இரண்டாம் கட்டு, அடுப்படி. வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான மகன்களுக்கு. மணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு ‘புள்ளி’. புள்ளிக்குப் புள்ளி சமையல் தனி, வரவு செலவு தனி, அறைப் பூட்டும் தனி. வளவு மட்டும் எல்லாருக்கும் பொது.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான்: பூட்டியிருந்தால் கைவிட்ட வீடு என்று நினைப்பது. அந்த வீட்டில்தான் முன்னோர்களுக்குப் படைப்பு நடக்கும். பிள்ளைகளின் கல்யாணம், அப்பாவின் அறுபதாம் கல்யாணம் எல்லாம் அங்கேதான். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பங்காளிகள் வந்து இறங்குவார்கள். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் பூட்டுதான் தொங்கும். அதற்காக உரிமை எங்கும் போய்விடவில்லை.

சரி, உரிமைக்காரர்கள் எத்தனை பேர்? 1920இல் ஒருவர் கட்டினார், அவருக்கு மூன்று மகன்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைமுறைக்குத் தலைமுறை மும்மூன்று பேர் என்றால் கொள்ளுப்பேரன்கள் இருபத்தேழு. ஒவ்வொருவரிடமும் இருப்பது ‘பிரிபடாத பாகம்’. உங்கள் கையிலுள்ள தேநீரில் கால் பங்கு பால் என்றால், அந்தக் கால் பங்கு டம்ளரின் எந்தப் பக்கம் இருக்கிறது? காட்ட முடியாது அல்லவா? பிரிபடாத பாகமும் அப்படித்தான். தன் அறை என்று ஒருவர் புழங்கலாம். பாகப்பிரிவினை நடக்காதவரை அந்த அறை மட்டும் அவருக்கே என்று எழுதி விற்க முடியாது.

கணக்கு அதோடும் நிற்பதில்லை. நகரத்தார் வழக்கத்தில் பிள்ளை கூட்டுவது, அதாவது சுவீகாரம் எடுப்பது, சகஜம். பிறந்த வீட்டில் பங்காளி என்று நாம் எண்ணியவர் கூட்டிப்போன வீட்டில் பங்காளியாகியிருப்பார். பெண்களை, சீர் செய்து அனுப்பியாயிற்று என்று கணக்கில் விட்டுவிடுவது பழைய பழக்கம். தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதற்கும் 2005இலும் வந்த சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு அப்படி விட முடியாது. மகள்களின் கையெழுத்து இல்லாத பத்திரம் பின்னால் வழக்காகலாம்.

“பட்டா ஒருவர் பெயரில்தானே இருக்கிறது?” என்று தரகர் சொல்வார். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அதை வைத்து மட்டும் முழு உரிமையும் அவருடையது என்று சொல்ல முடியாது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும். யார் இறந்து யாருக்குப் பங்கு இறங்கியது என்பது தெரியாது. ஆகவே தாய்ப்பத்திரத்தில் தொடங்கி, வம்ச வரிசையைக் காகிதத்தில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் வாரிசுச் சான்று பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆத்தங்குடி ஓடு பதித்த தரையழகில் மயங்கி நிற்கும் நேரத்தை இதற்குச் செலவிடுங்கள்.

பணம் தேவைப்படும் பங்காளி ஒருவரிடம் அவர் பாகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடலாமே என்று சிலர் யோசிப்பார்கள். 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு அதற்குக் குறுக்கே நிற்கிறது. பிரியாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய வெளியாளுக்குச் சேர்ந்து குடியிருக்கும் உரிமை கிடையாது. பாகம் பிரிக்கக் கோரி வழக்குப் போடலாம். போட்டால், 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்படி, அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று பங்காளிகள் கேட்கலாம். வளவுக்குள் கால் வைக்காமலே நீங்கள் வெளியே வந்துவிடுவீர்கள்.

இத்தனை சிக்கல் எதற்கு என்று சலிப்பு வரும். எனக்கு இதில் வேறொரு நியாயம் தெரிகிறது. கையெழுத்து முழுதும் சேர்ந்த வீடுகளில் பல இன்று இல்லை. அவற்றின் பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகள் வழியாக எங்கெங்கோ போய்விட்டன. ஒரு பங்காளி முரண்டு பிடித்ததால் தப்பிய வீடுகள் உண்டு. அதே முரண்டால் ஓடு மாற்ற ஒப்புதல் சேராமல் ஒழுகிச் சரிகிற வீடுகளும் உண்டு, அதையும் மறைப்பதற்கில்லை.

ஆசை இன்னும் தீரவில்லையா? பாகப்பிரிவினை பதிவாகி முழு வீடும் ஒருவர் பங்குக்கு வந்திருக்கும் வீடாகத் தேடுங்கள். அல்லது எல்லாரும் ஒப்பி எழுதித் தரும் நீண்டகாலக் குத்தகைக்குக் கேளுங்கள். வெளிநாட்டுப் பங்காளி அனுப்பும் அதிகாரப் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். சுவரில் விரிசல் கண்டால் சிமெண்டுக்கு ஓடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டாக வேண்டும், சிமெண்டுப் பூச்சு அதை உள்ளேயே அடைத்துவிடும். விலையைப் பேசுவதற்கு முன், பங்காளிகளுக்குப் படைப்பு எந்த வீட்டில் என்று கேளுங்கள். “இந்த வீட்டில்தான்” என்று பதில் வந்தால், விற்கிறவர் சொல்லும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்த தெருவுக்குப் போய்விடுவது நல்லது.